சிற்றெழுத்தைப் பேரெழுத்தாக்கல்

ஆங்கில நெடுங்கணக்கில் எழுத்துக்கள் இருபத்தாறே எனினும், அவற்றுள் ஒவ்வொன்றும் இருவேறு வடிவம் உடையது. வாக்கியத்தின் முதலிலும் சிறப்புப் பெயரின் முதலிலும் வருவதைப் பேரெழுத்து என்றும், ஏனைய இடங்களில் வருவதைச் சிற்றெழுத்து என்றும் வழங்குகின்றோம். தமிழில் இவ்வேறுபாடு அறவே இல்லை. மன்னன் பெயரும் மண்ணாங்கட்டியின் பெயரும் நம் மொழியில் ஒரே அளவினவாகவே எழுதப்படுகின்றன. ஆதலின் நம் சிறுவர்கள் நாலுகோட்டு நோட்டில் ஆங்கிலம் எழுதப் பழகுங்கால், ஓர் எழுத்திற்கு ஏன் இரண்டு உருவம் என்று மயங்குவது இயல்பே. அம்மயக்கம் கல்லூரிக்கு வந்த பின்னும் முற்றும் நீங்குவதில்லை என்பதையும், கணிப்பொறியில் அது எவ்வாறு மீண்டும் தலைகாட்டுகின்றது என்பதையும், எமக்கு நேர்ந்த ஒரு பிழையைக்கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

இவ்விரு வடிவங்களையும் ஆங்கிலேயர் 'அப்பர் கேஸ்', 'லோயர் கேஸ்' என்பர். கேஸ் என்பது அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துக்களை இட்டு வைக்கும் அறைகளையுடைய மரத்தட்டு. அச்சுக்கோப்போர் தம் முன்னர் இரண்டு தட்டுக்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து நிறுத்தி, மேல்தட்டில் பேரெழுத்துக்களையும் கைக்கு அண்மையிலுள்ள கீழ்த்தட்டில் அடிக்கடி வேண்டப்படும் சிற்றெழுத்துக்களையும் வைத்தனர். தட்டின் பெயரே எழுத்தின் பெயராயிற்று. 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் தமிழ் எழுத்தால் நூல் அச்சிட்டவர்களுக்கும், 1713-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் அச்சகத்தை நடத்தியவர்களுக்கும் தட்டுக்களில் அறைகள் மிகப்பல வேண்டியிருந்தன. ஆனால் அவை உயிர்மெய்யின் பெருக்கத்தால் வேண்டப்பட்டனவேயன்றிப் பெரிது சிறிது என்னும் பகுப்பால் அல்ல.

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். 'ஸி' என்னும் நிரல் மொழியை அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி என்பார் 1972-ஆம் ஆண்டை ஒட்டி அமைத்தனர். அம்மொழியில் எழுத்து என்பது எண்ணேயன்றி வேறன்று. 'அஸ்கி' என்னும் அட்டவணைப்படி, ஆங்கில முதலெழுத்தாகிய 'ஏ'யின் பேருருவிற்கு எண் 65. சிற்றுருவிற்கு எண் 97. இறுதியெழுத்தாகிய 'இஸட்'டின் பேருருவிற்கு 90, சிற்றுருவிற்கு 122. எவ்வெழுத்தை எடுத்துக்கொள்ளினும் சிறிதற்கும் பெரிதற்கும் உள்ள இடைவெளி 32 ஆகவே நிற்றல் காண்க. இது தற்செயலாக நேர்ந்ததன்று. 1963-இல் வெளிவந்த முதல் அட்டவணையில் சிற்றெழுத்தே இல்லை. தந்தி எந்திரங்களுக்குப் பேரெழுத்தே போதியதாயிருந்தது. 1967-இல் சிற்றெழுத்துக்களைச் சேர்த்தபொழுது, பேரெழுத்துக்களின் நேரே 32 தள்ளி அவற்றை அமைத்தனர். 65 என்பது 64-உம் 1-உம். 97 என்பது 64-உம் 32-உம் 1-உம். தராசுத்தட்டில் 32 என்னும் ஒரு படிக்கல்லை இட்டால் எழுத்துச் சிறியதாகின்றது, எடுத்தால் பெரியதாகின்றது.

இத்துணை எளிதாயின் ஒவ்வோர் எழுத்தினின்றும் 32-ஐக் கழித்துவிட்டால் வேலை முடிந்ததன்றோ எனின், முதலாண்டு மாணாக்கர் பலரும் அவ்வாறே செய்கின்றனர். அதன் பயனைப் பாருங்கள். காரைக்குடியை அடுத்த 'தேவகோட்டை ரஸ்தா' என்னும் ஊர்ப்பெயரை ஆங்கிலச் சிற்றெழுத்தில் எழுதி அந்நிரலுக்குக் கொடுத்தால், 'தேவகோட்டை' மட்டும் பேரெழுத்தில் அச்சாகி, 'ரஸ்தா' காணாமற்போகும். காரணம் யாதெனின், இரண்டு சொல்லுக்கும் இடையேயுள்ள வெற்றிடமும் ஓர் எழுத்தே. அதன் எண் 32. முப்பத்திரண்டில் முப்பத்திரண்டு போனால் மிஞ்சுவது சுழியம். ஸி மொழியிலோ சுழியம் என்பது 'சொற்றொடர் இங்கு முடிந்தது' என்னும் அடையாளம். ஆகவே கணிப்பொறி அவ்விடத்தே நின்றுவிடுகின்றது. பொறியின்மேல் குற்றமில்லை; நாம் சொன்னதையே அது செய்தது.

ஆதலின் கழிப்பதன்முன் வினவுதல் வேண்டும். எழுத்தின் எண் 97-க்குக் குறையாமலும் 122-க்கு மிகாமலும் இருப்பின் 32-ஐக் கழிக்க. இல்லையேல் அதனை வாளா விடுக. சொற்றொடரின் முதலெழுத்தினின்று தொடங்கி, சுழியம் வரும்வரையில் இதனை ஒரு சுழற்சியாக நடத்துக. நிரல் முழுவதும் இவ்வளவே. எண்களை நேரே எழுதாமல், ஒற்றை மேற்கோளுக்குள் அவ்வெழுத்தையே இட்டுச் சிறிய 'ஏ'யினின்று பெரிய 'ஏ'யைக் கழித்து வரும் வேறுபாட்டைக் கொள்ளுதல் இன்னும் நன்று. ஏனெனில் எல்லாப் பொறியும் அஸ்கியைப் பின்பற்றுவன அல்ல. ஐபிஎம் நிறுவனத்தின் பெரும்பொறிகளில் வழங்கும் 'எப்சிடிக்' அட்டவணையில் சிறிய 'ஏ' 129; பெரியது 193. அங்கே கழித்தல் அன்று, 64-ஐக் கூட்டல் வேண்டும். மேலும் அவ்வட்டவணையில் எழுத்துக்கள் இடைவிடாது தொடர்வனவும் அல்ல. ஒன்பதாம் எழுத்து 137 ஆயிருக்கப் பத்தாம் எழுத்து 145-இல் நிற்கின்றது.

இத்தொல்லைகளினின்றும் நம்மைக் காத்தற்பொருட்டே மொழியின் நூலகத்தில் 'டூ-அப்பர்' என்னும் செயற்கூறு வைக்கப்பட்டுள்ளது. ஓர் எழுத்தைக் கொடுத்தால் அதன் பேருருவை அது திருப்பித் தரும். சிற்றெழுத்து அல்லாதது வந்தால் வந்தவாறே தரும். இதன்கண் மாணாக்கர் செய்யும் பிழைகள் இரண்டு. திருப்பித் தருவதை ஏற்றுக்கொள்ளாமல் வெறுமனே அதனை அழைத்துவிட்டு, எழுத்து மாறவில்லையே என வருந்துவர். கடைக்காரர் நீட்டும் சில்லறையை வாங்காமல் வீடு திரும்புவதற்கு இஃது ஒக்கும். மற்றொன்று, இரட்டை மேற்கோளுக்குள் இட்ட மாறாத சொற்றொடரை ஒரு சுட்டியால் பற்றி, அதனையே திருத்த முற்படுதல். அச்சொற்றொடர் படிப்பதற்கே உரியது. எழுதப் புகின் நிரல் பெரும்பாலும் அவ்விடத்தே விழும். அதனை முதலில் ஓர் அணியில் படியெடுத்துக்கொண்டு பின்னர்த் திருத்துதலே முறை.

நிற்க. காரைக்குடியிலுள்ள எம் நண்பர் ஒருவர் தம் தந்தையாரின் மணிவிழாவிற்கு அழைப்பு அனுப்பவேண்டிப் பல நூறு முகவரிகளைக் கணிப்பொறியில் ஏற்றியிருந்தனர். பெயர் முதல்வரியில் ஆங்கிலத்திலும், அடுத்த வரியில் தமிழிலும் இருந்தது. மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் வாழும் உறவினர்க்கு மட்டும் ஆங்கில வரி ஒன்றே. உறைகளின்மேல் ஆங்கிலப் பெயர் முழுவதும் பேரெழுத்தில் இருப்பின் அஞ்சற்காரர்க்கு எளிதாயிருக்கும் என்று அவர் விரும்பவே, யாம் முன்வந்து, கால்மணி நேரத்தில் ஒரு நிரல் எழுதினோம். கோப்பு முழுவதையும் எழுத்தெழுத்தாக டூ-அப்பருக்கு ஊட்டினோம். முகவரி நீளாதிருக்கும் பொருட்டுப் பெயர்முதலில் உள்ள புள்ளிகளையும் களைந்தோம். முடிவில், வந்ததைப் பழைய கோப்பின்மேலேயே எழுதினோம். இம்மூன்றனுள் இறுதியில் செய்ததே பெரும்பிழை என்பதை அப்பொழுது உணர்ந்திலோம்.

திறந்து பார்த்தபொழுது தமிழ்வரிகளில் ஓரெழுத்தும் எஞ்சவில்லை. எங்கும் வினாக்குறி தாங்கிய கறுப்புச் சாய்சதுரங்களே நிறைந்திருந்தன. தமிழில் பேரெழுத்தே இல்லாதிருக்க, அதனைப் பேரெழுத்தாக்கியது எவ்வாறு? இதனை அறிதற்குத் தமிழ் கணிப்பொறியில் உறையும் விதத்தை அறிதல் வேண்டும்.

இக்காலத்தில் தமிழ் 'யூனிக்கோடு' முறையில் எண் பெறுகின்றது. அவ்வெண்களைக் கோப்பில் எழுதுதற்கு 'யூடிஎஃப்-8' என்னும் வழி பெரிதும் கையாளப்படுகின்றது. 1992-இல் அதனை வகுத்தவர் ரிட்சியின் தோழராகிய கென் தாம்சனும் ராப் பைக்கும் ஆவர். இவ்வழியில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு போதும். தமிழ்க் குறியீட்டுக்கோ மூன்று பைட்டுக்கள் வேண்டும். 'க' என்பது 224, 174, 149 என மூன்று எண்களாக எழுதப்படும். 'காரைக்குடி' என்பது நம் கண்ணுக்கு ஐந்தெழுத்து. அகரமேறிய மெய்களும் அவற்றொடு சேரும் குறிகளுமாகக் கணிப்பொறிக்குப் பத்துக் குறியீடு. கோப்பில் முப்பது பைட்டு. இவற்றுள் கருதத்தக்கது, தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 224 என்னும் எண்ணிலேயே தொடங்குகின்றது என்பது.

இம்மூன்று எண்களும் 127-க்கு மேற்பட்டவை; ஆதலின் 97 முதல் 122 வரை என்னும் எல்லைக்குள் அகப்படா. யாம் முன்னே கூறிய எளிய வினாவை மட்டும் கையாண்டிருப்பின் தமிழுக்கு ஒரு தீங்கும் நேர்ந்திராது. யூடிஎஃப்-8-ஐ வகுத்தோரின் கருத்தும் அதுவே. யாமோ நூலகத்தின் செயற்கூற்றை நம்பினோம். ஸி மொழியின் நிரல் இயல்பாகத் தொடங்குங்கால் டூ-அப்பர் ஆங்கில எழுத்து இருபத்தாறையே அறியும். எம் நிரலிலோ, வேறொரு பழைய நிரலினின்றும் ஆராயாமல் படியெடுத்த வரியொன்று இருந்தது. அது, பொறியில் அமைந்துள்ள வட்டார வழக்கைப் பின்பற்றுக என்று கட்டளையிடும் வரி. அப்பழைய பொறியின் வட்டார வழக்கு மேலை ஐரோப்பிய மொழிகளுக்குரிய 'லத்தீன்-1' அட்டவணையாயிருந்தது. அவ்வட்டவணையில் 224 என்பது பிரெஞ்சுக்காரர் தலைமேல் கோடிட்டு எழுதும் சிறிய 'ஏ'. அதன் பேருரு 192. செயற்கூறு தன் கடமையை வழுவாது செய்து, காரைக்குடித் தமிழின் ஒவ்வொரு குறியீட்டின் தலையிலும் இருந்த 224-ஐ 192 ஆக்கிவிட்டது.

யாம் ஒன்றில் மட்டும் பாடநூலின்படி ஒழுகியிருந்தோம் என்பதையும் சொல்லவேண்டும். பல பொறிகளில் எழுத்தெண் குறியுடையதாகக் கொள்ளப்படுவதால் 224 என்பது -32 எனத் தோன்றும். அவ்வாறான எதிர்மறை எண்ணை டூ-அப்பருக்குக் கொடுத்தல் கூடாது. கொடுத்தால் அது அட்டவணைக்கு வெளியே கைந்நீட்டும், விளைவு இன்னதென்று மொழியின் விதி உறுதி சொல்லாது. ஆகையால் எழுத்தை முதலில் குறியற்றதாக்கிக் கொடுக்கவேண்டும் என்பர். அவ்வாறே கொடுத்தோம். மருந்தை அளவோடு கொடுத்தும் நோயாளியை மாற்றிக் கொடுத்த மருத்துவர் போலானோம்.

ஆயினும் இக்கேடு தீர்ந்தது. யூடிஎஃப்-8 முறையில் 192 என்னும் பைட்டு எவ்விடத்தும் வருதற்கு இல்லை. ஆகவே கோப்பில் 192 காணுமிடமெல்லாம் முன்னர் 224 இருந்ததென்று ஐயமின்றித் துணியலாம். ஐந்தே வரியில் மற்றொரு நிரல் எழுதி, 192-ஐ 224 ஆக்கினோம். தமிழ் முழுவதும் உயிர்பெற்று எழுந்தது. சிலர் செய்வதுபோல் எல்லாப் பைட்டுக்களினின்றும் அந்த 32 என்னும் படிக்கல்லையே எடுத்திருந்தோமாயின் இந்நற்பேறும் வாய்த்திராது. 'வ'வின் இறுதி எண் 181. அதனின்று 32 போனால் 149, அதாவது 'க'வின் இறுதி எண். பின்னர் வள்ளியம்மையையும் கள்ளியம்மையையும் பிரித்தறிதல் எவராலும் இயலாது.

யூனிக்கோடு பரவுமுன் அச்சகங்களில் நிலைபெற்ற 'பாமினி' போன்ற எழுத்துருக்களில் இடர் இன்னும் பெரிது. அவற்றில் ஆங்கில எழுத்தின் இடத்திலேயே தமிழ் வடிவம் குடியேற்றப்பட்டுள்ளது. சிறிய 'ஜே' இருக்குமிடத்தில் 'த'. பெரிய 'ஜே' இருக்குமிடத்தில் 'து'. அவ்வாறே 'ம'வுக்கு எதிரே 'மு'. 'ழ'வுக்கு எதிரே 'ழு'. இக்கோப்பைப் பேரெழுத்தாக்கினால் சதுரம் ஒன்றும் தோன்றாது; ஆனால் 'தமிழ்' என்பது 'து'வில் தொடங்கி வாயில் நுழையாத வேறொரு சொல்லாகும். எல்லையை வினவும் நிரலும் ஈண்டுக் காவாது. ஆங்கில எழுத்தால் தமிழை ஒலிபெயர்த்து எழுதுவோர் 'கல்' என்பதற்குச் சிறிய 'எல்'லையும் 'கள்' என்பதற்குப் பெரிய 'எல்'லையும் கொள்வதுண்டு. பேரெழுத்தாக்கினால் கல்லும் கள்ளும் ஒன்றாகும்.

இனி, தீராத கேட்டைச் சொல்லவேண்டும். அது தமிழில் அன்று, ஆங்கிலத்திலேயே நேர்ந்தது.

செட்டிநாட்டில் பெயருக்கு முன் எழுதும் முதலெழுத்துக்களுக்கு 'விலாசம்' என்று பெயர். பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கால் ஒரே பெயர் ஒரு குடியில் மீண்டும் மீண்டும் வருதலின், முன்னோர் பலருடைய பெயர்க்குறிகளையும் அடுக்கி எழுதியே ஆளை அடையாளங் கண்டனர். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய கடைகளும் இவ்விலாசத்தாலேயே அறியப்பட்டன. தமிழில் இக்குறி பெரும்பாலும் ஓரெழுத்தன்று. ராயப்பர் மகனார் சொக்கலிங்கம் 'ராய. சொ.' எனப்பட்டார். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் பணியாற்றிப் பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தராய் விளங்கிய மாணிக்கனார் 'வ. சுப. மாணிக்கம்' எனப்பட்டார். 'சுப' என்பதை ஆங்கிலத்தில் எழுதுங்கால் பெரிய 'எஸ்'ஸும் சிறிய 'பி'யும் இட்டு ஒரு புள்ளி வைப்பர். அச்சிறிய 'பி', 'நான் தனிப்பெயர் அல்லேன். முன்னிற்கும் எழுத்தைச் சார்ந்தவன்' என்று சொல்லி நிற்கின்றது. அதனைப் பேரெழுத்தாக்கிப் புள்ளியையும் எடுத்துவிட்டால், சுப்பையா என்னும் ஒருவர் சண்முகம், பழனியப்பன் என்னும் இருவர் ஆகின்றார்.

இதற்கு நாடறிந்த சான்று ஒன்றுண்டு. காரைக்குடியில் பிறந்த மெய்யப்பச் செட்டியார் 1946-இல் அங்கேயே தொடங்கி, 1948-இல் சென்னைக்கு மாற்றிய படப்பிடிப்பு நிலையத்தை 'ஏ. வி. எம்.' என்று யாவரும் மூன்று பெயரின் முதலெழுத்துப்போல் சொல்கின்றனர். அவருடைய தந்தையார் ஆவிச்சி செட்டியார். 'ஏ'யும் 'வி'யும் கூடி நிற்பது ஆவிச்சி என்னும் ஒரு பெயருக்கே.

எம் கோப்பில் இத்தகைய பெயர்கள் நிறைந்திருந்தன. 192-க்கு முன் இருந்தது 224 என்று துணிந்ததுபோல், பெரிய 'பி'க்கு முன் இருந்தது சிறிய 'பி' என்று துணிய இயலவில்லை; அது முதலிலேயே பெரிய 'பி'யாகவும் இருந்திருக்கலாம். சிற்றெழுத்து பேரெழுத்தாகுங்கால் இரண்டு வழி ஒரு வழியாகின்றது. அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் வந்த வழி தெரிவதில்லை. ஜெர்மானியர்க்குரிய இரட்டை 'எஸ்' குறியும் பேரெழுத்தாகுங்கால் பொதுவாக இரண்டெழுத்தாக விரிதலின், மீட்பில் இதே ஐயம் எழும் என்பர்.

தமிழ்வரி உள்ள பெயர்களுக்கு அத்தமிழே துணைநின்றது. புள்ளி போயினும் 'சுப' என்பது 'சுப' ஆகவே இருந்தது. அதைப் பார்த்து ஆங்கில வரியைத் திருத்தினோம். சற்று முன்னர் எம்மால் அழிந்த எழுத்துக்களே எம் பிழையைத் திருத்த உதவியதை எண்ணி நாணினோம். ஆங்கில வரி மட்டும் உள்ள வெளிநாட்டுப் பெயர்களுக்கு என் செய்வது? நண்பரின் பாட்டியாராகிய ஆச்சியிடம் பட்டியலைப் படித்துக் காட்டினோம். முற்றத்துத் தூணில் சாய்ந்தபடி கேட்டுவந்த அம்மூதாட்டியார் ஓரிடத்தில் கையமர்த்தி, "அது ரெண்டு பேரு இல்லை தம்பி. அவுக சுப்பையா வீட்டுப் பிள்ளை. எஸ்ஸும் பியும் ஒரே ஆளு" என்றார். இரண்டு பிற்பகல்கள் இவ்வாறு கழிந்தன. ஆச்சிக்கும் தெரியாத பெயர்கள் சில எஞ்சின. அவற்றை அவ்வாறே விட்டோம்.

அதன்பின் நிரலை வேறு வகையாக எழுதினோம். வட்டார வழக்கைப் பற்றிய வரியை நீக்கினோம். எண் 97 முதல் 122 வரை உள்ளதையன்றி வேறொன்றைத் தொடாதவாறு செய்தோம். புள்ளியோடு முடியும் விலாசப் பகுதியைக் கடந்து, பெயரை மட்டுமே பேரெழுத்தாக்கினோம். ஒரு கோப்பினின்று படித்து மற்றொரு கோப்பில் எழுதினோம். மூலக்கோப்பு அசையாமல் இருக்கின்றது.

மணிவிழா நடந்து ஒரு திங்கள் சென்றபின், ஈப்போ நகருக்கு அனுப்பிய உறைகளுள் ஒன்று, இப்பெயருடையார் இம்முகவரியில் இல்லை என்னும் குறிப்போடு நண்பர் வீட்டிற்குத் திரும்பிவந்தது. அவர் அதனை எம்மிடம் காட்டினார். விலாசத்தின் இரண்டெழுத்தும் பெரியனவாகவே இருந்தன.